ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பதில் என் அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அமீனா எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை ஜப்திக்கு வந்து போயிருந்தார். பித்தளை அண்டாவும் தையல் மெஷினும் அவரோடு கிளம்பிப் போயின. மிச்சமிருந்தது ஆமை மட்டும்தான். எனவே 1989 தை மாதத்தில் ஒருநாள், "ராத்திரி கடற்கரைக்கு ஆமை பாக்கப் போறேன்மா" என்று நான் சொன்னபோது அவள் தடுக்கவில்லை. "பாத்துட்டு வா. ஆனா கொல்லைப்பக்கமா வந்து, குளிச்சிட்டு உள்ள வா" என்றாள்.

அப்போது எனக்கு வயது 19. சென்னையில் ஆமைக்காக ராத்திரியில் நடப்பது அன்றைக்கே பழைய வழக்கம்தான். 1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்து வைத்தது. பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில வருடம் பார்த்தது. அதன்பிறகு வனத்துறை சில வருடம் பார்த்தது. வனத்துறை நிறுத்திக்கொண்டபோது, 1988இல், கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் கைகழுவிய வேலையைச் சின்னப் பிள்ளைகள் எடுத்துச் செய்வதென்றால், அது சம்பளமில்லாத வேலையாகத்தான் இருக்கும்.

கடைசி பஸ்ஸில் நீலாங்கரையில் போய் இறங்குவோம். நாலு பேருக்கு ரெண்டு டார்ச். அதில் ஒன்றில்தான் பேட்டரி இருக்கும். அதையும் போடக்கூடாது என்பது சட்டம். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று வடக்கே நடந்து, விடியற்காலையில் பெசன்ட் நகரை எட்டினால் ஏழு கிலோமீட்டர். அந்த இருட்டை இப்போது யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. அலை நுரை மட்டும் வெளுப்பாகக் கோடு கிழிக்கும். ஆமைத் தடத்தைக் கண்ணால் கண்டதைவிடக் காலால் கண்டதுதான் அதிகம். ரெண்டரை அடி அகலத்துக்கு, குழந்தை டிராக்டர் ஓட்டிப் போன மாதிரி மணல் கலைந்து கிடக்கும்.

ஒருமுறை ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "பையில என்னடா?" முட்டை என்றோம். "கோழி முட்டையா?" ஆமை முட்டை என்றோம். அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். கஞ்சா என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். "இதுக்கு எவ்ளோ சம்பளம்?" என்றார். இல்லை என்றோம். அப்போதுதான் அவருக்கு நிஜமான சந்தேகம் வந்தது.

காப்பாற்றியவர் நைனா. குப்பத்துப் பெரியவர், அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் கூப்பிட்டோம். "நம்ம பசங்கதான் சாமி, வுட்டுடு" என்று போலீஸ்காரரிடம் கூசாமல் பொய் சொன்னார். அந்தக் கடற்கரையில் எங்களுக்கு ஒரே எதிரி அவர்தான். எங்களுக்கு அரை மணி முன்னால் போய் முட்டையை எடுத்துவிடுவார். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். பிங்பாங் பந்து மாதிரி உருண்டையாக, அமுக்கினால் குழியும் தோலோடு. அதற்கு விற்பனை இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தைப் பற்றி நான் அவருக்கு வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டத்துக்கு ஆமைத் தடம் பாக்கத் தெரியுமா?" என்றார்.

எனக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். தாய் ஆமை கூட்டை மூடிய பிறகு, உடம்பைத் தூக்கி இடமும் வலமுமாக மணலைத் தட்டி இறுக்கும். பிறகு சுற்றிலும் மண்ணை வாரியிறைத்து இடத்தைக் கலைத்துவிட்டுப் போய்விடும். நாங்கள் ஆறடி அகலத்துக்குத் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் மூச்சு வாங்குவோம். நைனா ஒரு குச்சியோடு வருவார். இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து, மூன்றாவது குத்தில் குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். அங்கேதான் கூடு. எத்தனை நேரத்துக்கு முன் போட்டது, ஏறி வந்து போடாமலே திரும்பிவிட்டதா, எல்லாவற்றையும் தடத்தைப் பார்த்தே சொல்வார். முட்டை போடும் ஆமையின் கண்ணில் நீர் வழியும். "அழுவுது பாரு, பிரசவ வலி" என்பார். அது உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி என்று நான் சொன்னேன். "உனக்குக் கண்ணுல தண்ணி வந்தா உப்புக் கரிக்காதா?" என்றார்.

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். பாதிக் கூடு அவருக்கு, பாதிக் கூடு எங்களுக்கு; இடத்தைக் காட்டுவது அவர் பொறுப்பு. சட்டப்படி இது குற்றம். ஆமை காக்கக் கிளம்பி, முதல் மாதமே கொள்ளையில் பங்குதாரர் ஆன கதையை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எடுத்த முட்டையைப் புரட்டாமல் பையில் கொண்டுபோய், குஞ்சு பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி வயிறு பெருத்த பானை வடிவில் குழி தோண்டிப் புதைப்போம். அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். 45 நாள் போனதும் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு பொங்கி வரும். அடுத்த வருடம் நைனா பங்கு கேட்கவில்லை. எங்கள் உபதேசம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். வழியில் பார்க்கும்போதெல்லாம் "நம்ம கூடு பொரிச்சிச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார், அவ்வளவுதான். கணக்கு சொன்னால், நூற்றுப் பத்தில் எண்பது ஏன் வந்தது, மிச்சம் முப்பது என்ன ஆச்சு என்று தணிக்கையாளர் மாதிரி குடைவார்.

எங்களுக்கு ஒரு தெய்வமும் இருந்தது: சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, வகுப்பைவிடக் கடலில் அதிக நேரம் இருந்தவர். ஆமை தேடி இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தீர்த்தவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் பல மாதம் தன்னந்தனியாக இருந்தார். அந்தப் பருவத்தில் படகு போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தன் கடிதத்தோடு சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார். இந்தக் கதையை மணலில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், நானும் ஒருநாள் தீவுக்குப் போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போனது வங்கி வேலைக்கு.

முப்பது வருடம் அடுத்தவர் கடனை எண்ணிவிட்டு, ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் நானே கடன் வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த ஃப்ளாட் ஒன்று வாங்கினேன். கடல் மீது காதல் உள்ளவன் கடல் பக்கம்தானே வாங்குவான்? சவுக்குத் தோப்பு இருந்த இடம்தான். சுற்றுச்சுவரில் ஓர் ஓவியர் அழகான ஆமை வரைந்திருக்கிறார். அது ராத்திரியிலும் தெரியவேண்டும் என்று கீழே ரெண்டு ஃபோகஸ் லைட். மணலைப் பார்த்து இன்னும் நாலு.

குஞ்சாமைக்குத் தெரிந்த பூகோளம் ஒன்றே ஒன்று: தாழ்வாக, வெளிச்சமாக எது தெரிகிறதோ அதுதான் கடல். கோடிக்கணக்கான வருடமாக இந்தக் கணக்கு தப்பவில்லை. நாங்கள் வீடு கட்டிய பிறகு தப்புகிறது.

இப்போது ஆமைக்கு எதிரி கிடையாது. முட்டை தின்கிறவரை எங்கள் பக்கம் தேடினாலும் கிடைக்க மாட்டார். வார இறுதியில் ஆமை நடைக்கு முன்பதிவு செய்துகொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். என் கையில் இப்போது நல்ல பேட்டரி போட்ட சிவப்பு டார்ச் இருக்கிறது. ஆனால் அது எரிகிறதா என்று இந்த வெளிச்சத்தில் எனக்கே தெரியாது. பதினோரு மணிக்கு, "அங்கிள், ஆமை எத்தனை மணிக்கு வரும்?" என்கிறது ஒரு குழந்தை. ஆமை வந்தால் படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதையும் ஒருவர் படம் எடுக்கிறார்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். இழுவைப் படகு கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் மாட்டிய ஆமை தப்பித்துப் போகக் கம்பிச் சட்டத்தோடு ஒரு வாசல் வைக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வாசல் வழியாக மீனும் போகிறது என்பது படகுக்காரர்களின் கவலை. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் ரெண்டே செய்திதான் ஓடியது. ஒன்று, 'ஆமைகளைக் காப்போம்' என்ற வீடியோ. இன்னொன்று, நாற்றம் தாங்கவில்லை, மாநகராட்சி எப்போது வந்து புதைக்கும் என்பது.

சூடு ஆறுவதற்குள் நான் ஒரு செய்தி போட்டேன்: பங்குனி முடியும்வரை கடல்பக்க விளக்குகளை ராத்திரியில் அணைத்துவைக்கலாமா? மூன்று பேர் கைகூப்பினார்கள். ஒருவர் திருட்டு பயம் என்றார். ஒருவர், வெளிச்சமில்லாத கட்டடம் விலை போகாது என்றார். ஒருவர் ஆமைக்குக் கூலிங் கிளாஸ் வாங்கித் தரலாம் என்று சொல்லி, கூடவே சிரிக்கும் முகம் நாலைந்து போட்டார். முடிவு சொல்லவேண்டிய செயலாளரிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. சுஹேலியிலிருந்து இலங்கைக்கு 24 நாள்; மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு இரண்டு மாதம் ஆகியும் என் பாட்டில் போய்ச் சேரவில்லை.

பங்குனியில் ஒருநாள், ராத்திரி ரெண்டரை மணிக்கு வாட்ச்மேன் போன் செய்தார். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர். "சார், பக்கெட் எடுத்து வா சார்" என்றார். நான் இறங்கிப் போனபோது கார் நிறுத்துமிடம் முழுக்க, சருகு நகருவது மாதிரி, குஞ்சுகள். யார் கண்ணிலும் படாத ஏதோ ஒரு கூடு பொரித்திருக்கிறது. கேட் இடுக்கில் நுழைந்து வந்திருக்கின்றன. ரெண்டு பேரும் மண்டியிட்டு, கார்களுக்கு அடியில் கைவிட்டுப் பொறுக்கினோம். என் கார் டயரின் பின்னால் மட்டும் ஆறு. எழுபத்து மூன்று உயிரோடு கிடைத்தது. காய்ந்து போனவற்றை அவர் தனியாக எடுத்துவைத்தார், எண்ண விடவில்லை.

அவர் ஊர்ப் பக்கம் ருசிகுல்யா ஆற்று முகத்துவாரம். 2025 பிப்ரவரியில் மட்டும் அங்கே சுமார் ஏழு லட்சம் ஆமைகள் ஏறி முட்டையிட்டன. "எங்க ஊர்ல ராக்கெட்டே நிறுத்துறாங்க சார்" என்றார். வடக்கே கஹிர்மாதா அருகே உள்ள ஏவுகணைத் தளத்தைச் சொல்கிறார். ஆமைக்காக ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே சோதனைகளை நிறுத்திவைப்பதாக முடிவெடுத்தார்கள். "இங்க லைட்டு நிறுத்த முடியாது?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பாமல் இருக்க அதன் சாவியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பக்கெட்டை அலையோரம் கொண்டுபோய்ச் சாய்த்தோம். முப்பத்தைந்து வருடத்துக்கு அப்புறம், முன்னால் நிற்கிறவரின் முதுகு எனக்குத் தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. குழுவில் செயலாளர். ஏ.சி. நின்றதில் எழுந்துவிட்டார் போல. "கரண்ட் கட்டா? எல்லா வீட்டிலுமா?"

"ஏரியா முழுக்க" என்று நைனா மாதிரியே கூசாமல் தட்டிவிட்டேன். "காலையில்தான் வருமாம்."

பத்து நொடியில் கைகூப்பி நன்றி வந்தது.