ஐந்தாவது ஆள்

கேள்வி: நீதிபதிகள் நியமனத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. அப்புறம் அவர்கள் எப்படி அரசை எதிர்த்துத் தீர்ப்பு சொல்வார்கள்? (வாசகர், தென்காசி)

பதில்: சொன்னவர் இருக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர்.கன்னா. நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற வழக்கு. போலீஸ்காரர் ஒருவர் பகையில் ஆளைக் கொன்றால்கூட நீதிமன்றம் கேட்கக் கூடாதா என்றார் கன்னா. நெருக்கடி நிலை இருக்கும்வரை கூடாது என்றார் அட்டர்னி ஜெனரல்! 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்து நீதிபதிகளில் கன்னா தவிர மற்ற நான்கு பேரும் அதற்குத் தலையாட்டினார்கள். நாலு பேர் சொல்வதுதான் நியாயம் என்பது ஊர் வழக்கம். அன்று நியாயம் ஐந்தாவது ஆளிடம் இருந்தது.

நீதிபதியைப் பதவி நீக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாசலுக்கு நல்ல பூட்டுதான். ஆனால் பதவி உயர்வு என்ற ஜன்னல் திறந்தே கிடந்தது. 1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி, அவருக்கு ஜூனியரான எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த நால்வர் தீர்ப்பைத் தவறென்று ரத்து செய்தது. அப்படி எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட், அந்த நால்வரில் ஒருவருடைய மகன்.