அப்பாரு வெச்ச மரத்துக்கு ஒரு பராமரிப்புக் கையேடு

ஆர்.எஸ்.புரம், சாயிபாபா காலனி, பீளமேடு என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய வீட்டு வாசலில் ஒரு வேம்போ, புங்கனோ, மாமரமோ நிற்கும். "எங்க அப்பாரு வெச்சதுங்க" என்பார் வீட்டுக்காரர். கையோடு, "குப்பைதானுங்க தாங்க முடியல" என்றும் சொல்வார். அவர் சங்கடம் நமக்குப் புரிகிறது. வெட்டினால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும்; வீட்டில் பெரியவர்கள் பாவம் என்பார்கள். முறையாகப் பராமரித்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சில வருஷங்களில் மரமே போய்விடும். "வயசாயிருச்சுங்க, என்ன பண்றது" என்று ஊரே ஆறுதல் சொல்லும். கீழ்க்கண்ட வழிகளை வரிசை மாறாமல் செய்துவாருங்கள்.

1. அடிமரம் வரை கல் பதியுங்கள்

வாசலில் மண் தெரிவது கௌரவக் குறைச்சல். பேவர் பிளாக்கை மரப்பட்டை வரை நெருக்கிப் பதித்து, இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றுங்கள். மேஸ்திரி விவரமானவராக இருந்தால், "மரத்தச் சுத்தி ரெண்டடி விட்டுப் போடலாமுங்களா?" என்று கேட்பார். அந்த ரெண்டடியில்தான் ஸ்கூட்டர் நிற்கப்போகிறது என்று சொல்லி வாயை அடைத்துவிடுங்கள்.

ஆணிவேர் பாதாளம் வரை போயிருக்கும், மேலே எதைப் போட்டால் என்ன என்று தைரியம் சொல்பவர்கள் நாலு பேர் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேளுங்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றிரண்டு அடிக்குள்தான் கிடக்கிறது என்பதும், கிளையின் நிழலையும் தாண்டிப் படர்கிறது என்பதும், அந்த வேர் மூச்சுவிட மண்ணுக்குள் காற்று வேண்டும் என்பதும் தெரிந்தவர்களை அன்றைக்கு வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கச் சொன்னது. தில்லி நமக்கு ரொம்பத் தூரம்.

முதல் வருஷம் ஒன்றுமே ஆகாது. இந்த முறையின் அழகே அதுதான். மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்று காலம் தள்ளும். பிறகு இலை சிறுத்து, உச்சிக் கொப்புகள் ஒவ்வொன்றாக மொட்டையாகும். அதற்குள் மேஸ்திரி எத்தனையோ சைட் மாறியிருப்பார். பேவர் பிளாக்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

2. சருகைக் கொளுத்துங்கள்

விழுந்த இலை அங்கேயே மக்கினால் மண் ஈரம் காக்கும், உரமாகும். ஆனால் பார்க்க அசிங்கம். கூட்டி, மரத்தடியிலேயே குவித்து, தீ வையுங்கள். பட்டைக்கு அடியில் காகிதம்போல் ஒரு மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. மரம் பருப்பதெல்லாம் அதனால்தான். தீயின் சூட்டில் அது ஒரு பக்கம் வெந்துபோகும். பட்டை உடனே உரிந்துவிடாது. ஆகவே இதற்கும் நீங்கள் காரணமில்லை.

3. ஆடிக்கு முன்னால் ஆளை விட்டுக் கழியுங்கள்

இதுதான் முக்கியமான கட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று கோவைக்குப் புதிதல்ல. வயசான மரம் அத்தனை வருஷக் காற்றுக்கும் ஈடுகொடுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வளர்ந்து நிற்கிறது. அந்தக் கணக்கைக் கலைக்க வேண்டும்.

கம்பி போகிற பக்கத்தை மின்வாரியத்தார் கழித்திருப்பார்கள். மிச்சமுள்ள பக்கத்தில் நீளமான கிளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டபடி வெட்டுங்கள். பிறகு உச்சியை மொட்டையடியுங்கள். வெட்டிய இடத்தில் கொத்துக்கொத்தாகப் போத்து கிளம்பும். "பாருங்க, எப்படித் துளுக்குது!" என்று மகிழலாம். அது பசியில் வந்த துளிர். உள்மரத்தோடு பிடிப்பு இல்லாமல் பட்டையோரமாக ஒட்டி வளர்வது. கனம் கூடியதும் முறியும்.

கிளையை அடிமரத்தோடு வழவழவென்று இழைத்து வெட்டச் சொல்லுங்கள். கிளை சேருமிடத்தில் வீங்கிய வளையம் ஒன்று தெரியும். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அதை அடைத்துவைக்கிறது. அந்தச் சுவர் எழும்புமிடம் இந்த வளையத்தை ஒட்டித்தான். ஆகவே முதலில் வளையத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் வெட்டுவாயில் தார் அல்லது பெயின்ட் பூசுங்கள். அழுகலை அது தடுக்காது. ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கவும் செய்யும். ஆனால் வைத்தியம் பார்த்த திருப்தி கிடைக்கும்.

பெரிய கிளையை மூன்று வெட்டாக இறக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் பாதிவரை, பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சக் கட்டையை வளையத்துக்கு வெளியே. இப்படி வெட்டினால் கிளையின் கனம் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. அதற்குப் பொறுமை வேண்டும், கூலியும் கூடும். ஒரே வெட்டில் முடியுங்கள்.

4. பொந்தைப் பூசுங்கள்

வயசான மரத்தில் பொந்து விழும். நடுமரம் செத்த மரம்; உயிரோட்டம் ஓரத்தில்தான். குழல் நடுவில் ஓட்டையாக இருந்தும் உறுதியாக இருப்பதில்லையா, சுற்றுச்சுவர் கெட்டியாக இருந்தால் மரமும் அப்படியே நெடுநாள் நிற்கும். ஆனால் பார்க்கச் சகிக்காது. எம்-சாண்டும் சிமென்டும் கலந்து கெட்டியாக அடைத்துவிடுங்கள். காற்றில் மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டுக்கும் இடையில் உராய்ந்து உராய்ந்து அழுகல் பெருகும்.

அடைக்கும்முன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். புள்ளி ஆந்தை ஜோடி உருண்டைக் கண்ணால் திரும்பிப் பார்த்தால் மனசு மாறிவிடும். பட்ட கிளையில் செம்மார்புக் குக்குறுவான் டொக் டொக்கென்று ஓட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். அந்தக் கிளையைத்தான் முன்பே வெட்டியாகிவிட்டது.

5. ஜே.சி.பி.யைக் கூப்பிடுங்கள்

காம்பவுண்ட் சுவரில் விரிசல் விட்டால் வேர்தான் குற்றவாளி. அஸ்திவாரம் முக்காலடி ஆழம் என்பதை வெளியில் சொல்ல வேண்டாம். செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்க வந்த வண்டியையே கொஞ்சம் நகர்த்தி, அடிமரத்தை ஒட்டிக் கால்வாய்போல் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். தண்டின் குறுக்களவைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு தூரம் வரை தோண்டாமல் விடுவது நல்லது என்பார்கள். இரண்டடிக் குறுக்களவுள்ள மரத்துக்கு அது இருபது இருபத்துநாலடி. அவ்வளவு இடம் இருந்தால் இன்னொரு வீடே கட்டிவிடலாம்.

6. மருந்து கொடுங்கள்

மழைக்குப் பிறகு வேம்பின் நுனிக்கிளைகள் கருகித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். போமாப்சிஸ் என்ற பூஞ்சையும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துக்கொள்கின்றன. அதுவரை காத்திருக்காமல், கருகியதுமே "செத்துப்போச்சு" என்று அறிவித்து வெட்டிவிடுங்கள்.

தென்னை வைத்திருப்பவர்கள் பொள்ளாச்சியைப் பார்க்கலாம். 2016இல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். பூச்சிமருந்து வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், என்கார்சியா என்ற குளவி ஈயைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள் அறிந்தவர்கள். கடுமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். கடையில் இருப்பதிலேயே கடுமையானதாகப் பார்த்து வாங்குங்கள்.

7. சில்லறை வேலைகள்

டியூஷன் போர்டுக்கு நாலு ஆணி. கல்யாணத்துக்குச் சுற்றிய சீரியல் லைட் ஒயரை அவிழ்க்காமல் விடுவது; மரம் பருத்து ஒயரைத் தானே விழுங்கிக்கொள்ளும். தீர்ந்தது.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: மரம் விழுமா என்று முன்கூட்டியே தெரியுமா?
பதில்: பல நேரங்களில் தெரியும். புதிதாக ஒரு பக்கம் சாய்வது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழுவது, அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் பூப்பது, கவட்டையில் நீளப் பிளவு. இவற்றைப் பார்த்தால் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட நேரிடும். பேவர் பிளாக் போட்டிருந்தால் மண் வெடிப்பது தெரியவே தெரியாது. அந்த வகையில் நிம்மதி.

கேள்வி: யாரிடமாவது ஆலோசனை கேட்கலாமா?
பதில்: அதில்தான் கோவைக்காரர்களுக்கு ஆபத்து அதிகம். ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், அதே வளாகத்தில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம், லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம். மரம் படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். அந்தப் பக்கம் போகாமல் மரம் வெட்டுகிறவரிடமே கேளுங்கள். வெட்டலாமா என்று அவரிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவா போகிறார்?

கேள்வி: தோட்டத்தில் பனை நிற்கிறது. அதையும் இப்படிப் பராமரிக்கலாமா?
பதில்: பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். வேம்புக்கும் புங்கனுக்கும் அந்த அறிவிப்பில் அந்தக் கௌரவம் இல்லை.

கேள்வி: இதில் எதையுமே செய்யாவிட்டால்?
பதில்: மண்ணைத் திறந்து விட்டு, சருகை அங்கேயே கிடக்கவிட்டு, பட்ட கிளையை மட்டும் காற்றுக்காலத்துக்கு முன் இறக்கி, கோடையில் அடிமரத்தை விட்டுத் தள்ளி, நிழல் விளிம்போரம் தண்ணீர் விட்டால் மரம் இன்னொரு தலைமுறை பார்க்கும். ஆனால் இதில் மேஸ்திரிக்கு வேலையில்லை, வண்டிக்காரருக்கு வாடகையில்லை, மருந்துக்கடைக்கு வியாபாரமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோயமுத்தூர்க்காரரை நாற்காலி போட்டு மரத்தடியில் சும்மா உட்காரச் சொல்ல வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள்.