பெட்டி வந்துட்டு, ஆளு வரலியே!

ஏலே, டிவிப் பெட்டியப் பிரிக்கதுக்கு முன்னாடி வீடியோ எடுக்கணுமாமே? உங்க அப்பன் தாலி கட்டுனப்பக்கூட வீடியோ கிடையாதுடே. ரெண்டே போட்டோ, அதுல ஒண்ணுல கண்ண மூடிட்டான். இப்ப அட்டப் பெட்டி டேப்பக் கிழிக்கதுக்கு ஒருத்தன் கத்திரிக்கோலோட நிக்கான், இன்னொருத்தன் மொபைல ஆடாமப் புடிக்கான், உங்க அம்மை லைட்டப் போடுதா. எதுக்குன்னு கேட்டா, "உள்ள கீறல் இருந்தா ஆதாரம் வேணும்லா தாத்தா"ங்க. காசும் குடுத்துட்டு, நான் ஒடைக்கல, நான் ஒடைக்கலன்னு சாட்சியும் நீயே தயார் பண்ணணும். நல்ல யாவாரம்.

கோவிச்சுக்காத. வெல கொறச்சலா வந்துச்சு, வாங்கிட்ட. எம்புட்டு மிச்சம்? நாலாயிரமா? சரி, வச்சுக்கோ. போன வாரம் ஜங்ஷன் பக்கத்துக் கடையில அந்தச் சின்னப் பயலப் போட்டு வறுத்து எடுத்தியே, அது எந்தக் கணக்குல வருது? ஏசிக் காத்துல நின்ன. தண்ணி வாங்கிக் குடிச்ச. எல்லா டிவியயும் போட்டுக் காட்டச் சொன்ன. ரிமோட்ட வாங்கி எல்லாப் பொத்தானையும் அமுக்குன. மாடல் நம்பரப் போட்டோ எடுத்த. "வீட்ல கலந்துட்டு வாரேன்"ன. வாசப்படி எறங்குததுக்குள்ள மொபைல்ல ஆர்டர் போட்டுட்ட. வீட்ல யாரக் கலந்த? இந்த மண்டபத்துல பந்தியில உக்காந்துட்டு, அடுத்த மண்டபத்துல மொய் எழுதுனவன் மாதிரில்லா இருக்கு.

அந்த நம்பராவது ஒத்துப் போச்சா? பல கம்பெனிக்காரன் கடைக்கு ஒரு நம்பர், மொபைல் யாவாரத்துக்கு ஒரு நம்பர்னு பேரு வச்சு விட்டுருக்கான். நீ ரெண்டையும் பக்கத்துல வச்சு வெல பாத்துரக் கூடாதுலா? கடைசி எழுத்து ஒண்ணுதான் மாறும். அந்த எழுத்துக்குள்ள என்ன போச்சுன்னு யாரு கண்டா? வயர் சொருகுத ஓட்ட ஒண்ணு கொறஞ்சிருக்கும், சத்தம் கொறஞ்சிருக்கும். நீ என்னன்னா ஒரே சாமான் நாலாயிரம் கம்மின்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுத.

மெட்ராஸ்ல டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. நம்ம பக்கம் அது எட்டுமா? 1982-ல சிலோன்ல ரூபவாஹினி ஆரம்பிச்ச பெறவு, கையில காசு இருந்தவனெல்லாம் கெழக்க பாத்து ஆன்டெனா நட்டான். சொந்த ஊரு கவருமென்டுப் படம் தெரியாது, சிங்களத்துல செய்தி தெரியும். அதையும் வாயப் பொளந்து பாத்தோம். ஒரு எழவும் வெளங்கல, ஆனா ஒருத்தனும் எந்திரிக்கல. கொடைக்கானல்ல டவர் வந்த பெறவு ஊருல உள்ள அம்புட்டு ஆன்டெனாவும் வடக்க திரும்பிட்டு.

அப்ப டயனோரா, சாலிடேர்னு மெட்ராஸ்ல செஞ்ச டிவிதான் பேரு. பெட்டிக்கு மரக்கதவு, அதுக்குப் பூட்டு. பெட்டி வந்தா பின்னாடியே கடையில இருந்து ஒரு ஆளு வருவான். கைலிய மடிச்சுக் கட்டிட்டு ஓட்டு மேல ஏறிப் பைப்பத் திருப்புவான். டிவி முன்னாடி ஒருத்தன், வாசல்ல ஒருத்தன், மேல அவன். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா இருக்கு!" "இப்ப?" "ஒரு ஆளு ரெண்டாத் தெரியுதான்!" "இப்ப?" "நின்னுட்டு, நின்னுட்டு, தொடாத!" மறுநாள் காத்தடிச்சா மறுபடியும் வந்து ஏறுவான். காசு கேக்க மாட்டான், காப்பி கேப்பான். தை மாசத் தவணையப் பங்குனி அறுப்புல தாரேம்னா கடைக்காரரு நோட்டுல எழுதிக்கிடுவாரு. சிபிலும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது. உங்க தாத்தன் எந்த வயல்ல நிப்பான்னு அவருக்குத் தெரியும்.

அவரு ஒண்ணும் தர்மப்பிரபு இல்லடே. பழைய சரக்கத் தொடச்சுப் புதுசும்பாரு. பில்லோட ஒரு வெல, பில்லு இல்லாம ஒரு வெல. கேட்டா மூஞ்சி சுருங்கிப் போவும். ஆனா தப்புப் பண்ணிட்டு எங்க ஓட முடியும்? சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல எதுக்க வரணும்லா? அந்தப் பயம் போதும். இந்த 'ரிட்டர்ன் பாலிசி'ங்கியே, எங்களுக்கு அதுதான்.  

பெறவு பெரிய கடைங்க வந்துச்சு. வசந்த் அண்ட் கோ 1978-ல மெட்ராஸ்ல தொடங்குனது. அந்த வசந்தகுமார் நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரரு. முதலாளியே விளம்பரத்துல வந்து நின்னு சிரிப்பாரு. சாமான் வாங்குனவனுக்கு அந்த மொகம் ஒரு ஜாமீன். கோவம் வந்தா திட்டதுக்கும் ஒரு ஆளு இருக்காரு. 2020-ல கொரோனாவுல போயிட்டாரு பாவம். இப்ப நீ யாரத் திட்டுவ? "ஒண்ண அமுக்கவும், ரெண்ட அமுக்கவும்"ங்க அந்தக் குரலையா? திட்டித்தான் பாரேன். அது நன்றின்னு சொல்லும்.

அதுக்காக, கடைக்காரன் செத்தது முழுக்க உன்னாலன்னு சொல்ல மாட்டேன். பாதிக் குழிய அவனே தோண்டுனான். அந்தக் கண்ணாடிக் கடைக்குள்ள என்ன நடக்குன்னு பாத்தியா? "வாங்க சார், வெல்கம் சார்"னு வருத பயலோட சட்டையில எந்தக் கம்பெனி பேரு போட்டுருக்குன்னு படி. பாதிப் பேரு கடை ஆளு இல்ல, கம்பெனி நிறுத்தி வச்ச ஆளு. நீ சோனி பாக்கப் போனா அவன் வேற ஒண்ணப் பாத்து ஒன் கழுத்தத் திருப்புவான். தெய்வமே வந்து எது நல்லதுன்னு கேட்டாலும் அவன் சட்டையில உள்ளதத்தான் காட்டுவான். டிவியில ஓடுத படமும் மயிலு, கிளி, பூ, மீனுதான். வெளிச்சத்த ஏத்தி, கலரக் கொழைச்சு, கடைக்குன்னே ஒரு மோடு இருக்குடே. வீட்டுக்குக் கொண்டாந்து செய்தியப் போட்டாத்தான் தெரியும், வாசிக்க ஆளு நம்ம ஆளு மாதிரி இருக்காரா, மஞ்சக் காமாலைக்காரரு மாதிரி இருக்காரான்னு.

அது முடிஞ்சா 'எக்ஸ்டெண்டடு வாரன்டி'. இந்தா, இப்பத்தான்ல "இது இரும்புக் கோட்டை சார், பத்து வருஷம் அசையாது"ன்ன? பில்லுப் போடுத மேசைக்கு வந்ததும் "ஒரு வருஷத்துக்கு மேல என்ன ஆவும்னு சொல்ல முடியாது சார்"ங்க. பத்தடி நடக்கதுக்குள்ள கோட்டை விழுந்துட்டா? கூடவே வட்டியில்லாக் கடன். பூச்சிய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் பேங்கே 2013 செப்டம்பர்ல சொல்லிட்டு. வட்டி சாமான் வெலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இல்லன்னா 'பிராசசிங் பீஸ்'னு வேசம் கட்டிட்டு வரும். ரொக்கம் குடுத்தா எவ்வளவு கொறைப்பன்னு கேட்டியா? கேட்டிருந்தா பூச்சியத்தோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். மொபைல்லயும் அதே பூச்சியந்தான், மயங்காத.

மொபைல்காரன் எப்பப் புடிச்சான்? 2014. பிப்ரவரியில மோட்டோ ஜி-ன்னு ஒரு போனு. பிளிப்கார்ட்ல மட்டும், கடையில கிடையாது. ஜூலையில ஷாவ்மி போனு, அதும் அங்கதான். பயலுவ அலாரம் வச்சு எந்திரிச்சு உக்காந்து அமுக்குனானுவ. பரிச்சைக்கு எந்திரிக்காத கழுதைங்க. கண்ணாடிப் பெட்டியில பழைய போன வச்சுக்கிட்டுக் கடைக்காரன் தெருவப் பாத்து உக்காந்திருந்தான். சரக்கே வரலைன்னா அவன் எதக் காட்டுவான்? அக்டோபர் 6-ந் தேதி 'பிக் பில்லியன் டே'ன்னு ஒரு திருவிழா. கூட்டம் தாங்காமச் சைட்டு படுத்துட்டு. முதலாளிமாரே வாங்க வந்தவங்களுக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதுனாக. படுத்தது அன்னைக்கு மட்டுந்தான். பெறவு தெருக்கடைதான் ஒண்ணொண்ணாப் படுத்துச்சு. நம்ம ரத வீதியில நான் டிவி வாங்குன கடை இருக்குலா? அங்க இப்பச் செல்போன் கவரும் டெம்பர் கிளாஸும் தொங்குது.

இங்க மட்டுமா? அமெரிக்காவுல சர்க்யூட் சிட்டின்னு ஒரு கடை, நம்ம மூத்தவன் வயித்துப் பேரன்தான் சொன்னான். 1949-ல ஆரம்பிச்சு நாடு முழுக்கக் கெள விட்டுருக்கு. 2001-ல வந்த 'குட் டு கிரேட்'ங்க புஸ்தகம், உருப்பட்ட கம்பெனின்னா இதுதாம்லன்னு அதத் தூக்கி வச்சுப் பாராட்டுச்சு. 2007-ல மேல உள்ள படிச்ச மேதாவிங்க கணக்குப் பாத்தாக. கடையில சம்பளம் கூட வாங்குதவன் யாரு? பழைய ஆளு. சாமானப் பத்தித் தெரிஞ்ச ஆளு. 3,400 பேரு இருப்பாங்களா, ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாக. அந்த எடத்துக்குக் கொறஞ்ச சம்பளத்துல புதுப் பயலுவ. வந்தவன் "இது என்ன அது என்ன"ன்னு கேட்டா, அட்டப் பெட்டியத் திருப்பி வாசிச்சுச் சொல்லுதான். அத வாசிக்க அவன் எதுக்கு? எனக்கே கண்ணாடி இருக்கே! 2008 நவம்பர்ல மஞ்சக் கடுதாசி. 2009 மார்ச்சுல கடைசிக் கடையும் பூட்டியாச்சு. இணையம் கொன்னுட்டுன்னு ஒப்பாரி வச்சானுவ. அதும் ஒரு கை குடுத்துருக்கும், இல்லங்கல. ஆனா தெரிஞ்சவன வெளிய தள்ளிட்டா மிஞ்சுதது பெட்டியும் வெலையும்தான? அது ரெண்டையும் மொபைல்காரன் இன்னும் சல்லிசா வீட்டு வாசல்லயே குடுத்துட்டுப் போவான். பெறவு எவன் கடைக்கு வருவான்? 'பெஸ்ட் பை'ன்னு இன்னொரு கடை அங்க இன்னும் நிக்கி. இணையத்துல என்ன வெலையோ அதே வெலைக்கு நானும் தாரேம்னுட்டான். கூட வீட்டுக்கு வந்து மாட்டித் தரவும் ஆளு வச்சிருக்கான். நம்ம ஓட்டு மேல ஏறுனானே கைலி கட்டுன பய, அவனத்தான் கோட்டுப் போட்டு வச்சிருக்கானுவ.

அந்த நாலாயிரத்துக்கு வருவோமா? டிவியச் சுவத்துல மாட்ட ஆளு வந்தானா? இன்னைக்கு நாளைக்குன்னு மெசேஜா வருது, ஆளு வரல. வந்தாலும் இரும்புச் சட்டத்துக்குத் தனிக் காசு. அதுவரைக்கும் டிவி உங்க ஆச்சி கட்டில்ல சாஞ்சு கிடக்கும், ஆச்சி திண்ணையில கிடப்பா. அவளுக்கு என்ன சம்பளம் போட்டுருக்க?

சரி, சவத்த விடு. அடுத்த மாசம் ஒங்க அக்காளுக்குச் சீர் வாங்கணும்லா? பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, கிரைண்டரு. அத மொபைல்ல தட்டிராத. முகூர்த்தத்துக்கு மொத நாளு மாப்பிள வீட்டு வாசல்ல எறங்கணும், "டெலிவரி தள்ளிப் போச்சு"ன்னு மெசேஜு வந்தா சம்பந்தி கிட்ட அதையா காட்டுவ? கடைக்குப் போ. மாசக் கடைசியில போ, அன்னைக்குத்தான் அவனுக்கு டார்கெட்டுக் கழுத்துல கிடக்கும். மூணையும் ஒரே பில்லுல பேசு. மொபைல்ல என்ன வெலன்னு மூஞ்சிக்கு நேரக் காட்டு, வெக்கப்படாத.  ஸ்டார் ஸ்டிக்கர்ல உள்ள வருஷத்தப் படி, கணக்க மாத்துன பெறவு பழைய அஞ்சு ஸ்டாரு நாலா எறங்கிரும். கம்பெனிச் சட்டை போட்டவன விட்டுட்டு, மேசைக்குப் பின்னாடி கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு உக்காந்திருப்பாரு பாரு ஒரு பெரியவரு, அவருகிட்டப் போ. வெலையில எறங்கலைன்னா ஸ்டெபிலைசரு கேளு, அதும் இல்லன்னா மிக்சி கேளு. ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கோ. பேச்சு முடியுததுக்கு முன்னாடி அவரு காப்பி வரவழைச்சாருன்னா குடிச்சிராத. குடிச்சிட்டா பெறவு நூறு ரூவா கொறைக்கச் சொல்ல வாய் வராதுடே.