வாத்தியக்குழுவோடு மேடையேறும் பிரெஞ்சு இசைத்தட்டும் அதைக் கேட்போர் இயல்பும்

சிறுகூட்டம் ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடும் பழைய பாப் இசைத்தட்டை, முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை வரிசை பிசகாமல் முழு வாத்தியக்குழுவைக் கொண்டு வாசிக்கச் செய்வதும், அத்தட்டை வீட்டில் வைத்திருப்போரே சீட்டு வாங்கிப் போய்க் கேட்பதும் அண்மைக்கால வழக்கம். பிரெஞ்சுப் பிரிவில் இதற்கு மூலபாடம், செர்ஜ் கேன்ஸ்பூர் 1971இல் வெளியிட்ட 'இஸ்துவார் த மெலடி நெல்சன்'. இசைக்கோப்பு ழான்-குளோத் வானியே. மொத்தம் ஏழு பாட்டு, 28 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஒரு கார் விபத்தும் ஒரு விமான விபத்தும் நடந்துவிடுகின்றன.

2006இல் லண்டன் பார்பிகன் அரங்கில் பிபிசி கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு இத்தட்டு மேடையேறியது. வானியே தன் பெயரில் 1972இல் செய்த, ஈக்களைக் கொல்லும் சிறுவனைப் பற்றிய தட்டும் அன்று வாசிக்கப்பட்டது. அத்தட்டு முதலில் 100 பிரதி அளவில்தான் அச்சானது என்பர். அரங்கிலோ ஏறத்தாழ 1,900 இருக்கை. ஆகவே பிரதிக்கு 19 பேர். எஞ்சிய 18 பேர் அதை எங்கே கேட்டனர் என்ற கேள்விக்கு 'மறுபதிப்பு' என்பதே நேர்மையான விடை. இடைவேளையில் அந்த விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கேட்போரை மூன்று வகைப்படுத்தலாம். முதல் வகையார் அசல் தட்டு உடையோர். இவர்களை நான்காம் பாட்டின் முடிவில் இனம் காணலாம். தட்டில் முதல் பக்கம் அங்கே முடிகிறது. பல்லாண்டுப் பழக்கத்தால், தட்டைத் திருப்பிப் போட எழ வேண்டும் என்று கால்கள் முடிவெடுத்துவிடுகின்றன. பாதி எழுந்தபின் கோட்டைச் சரிசெய்வதுபோல் மறுபடி அமர்கின்றனர். இரண்டாம் வகையார் மறுபதிப்பில் கேட்டோர். இவர்கள் தலையை மட்டும் ஆட்டுவர். மூன்றாம் வகையார் அழைத்துவரப்பட்டோர். நிகழ்ச்சியை உள்ளபடி ரசிப்பவர்கள் இவர்களே என்பதால் ஆய்வுக்கு உதவார்.

பாடகர் இடத்தை நிரப்புவது கடினமன்று. கேன்ஸ்பூர் 1991இல் இறந்தார். இத்தட்டில் அவர் பெரும்பாலும் பாடவும் இல்லை, காதருகே முணுமுணுக்கிறார். முணுமுணுக்க ஆள் கிடைப்பர். சிக்கல் ஆறாம் பாட்டில் இருக்கிறது. அதில் பாடகி ஜேன் பிர்கினின் சிரிப்பு வருகிறது. அவரை அவருடைய சகோதரர் கிச்சுகிச்சு மூட்டிப் பெற்ற சிரிப்பு அது. வயலினுக்கும் செல்லோவுக்கும் நாற்காலி போடும் மேடை மரபு, கிச்சுகிச்சு மூட்டுபவரை எங்கே உட்கார வைப்பது என்று இன்றுவரை வகுக்கவில்லை. தாளவாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் வைப்பதே முறை.

இனி, மூலத்துக்கு விசுவாசம் என்பது. கித்தார், பாஸ், டிரம் மூன்றும் லண்டனில் பதிவாயின. தந்தி வாத்தியங்களும் கோரஸும் பின்னர் பாரிஸில் சேர்க்கப்பட்டன. அதாவது இந்த இசைக்காரர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து இதை வாசித்ததே இல்லை. தட்டு ஒரு கச்சேரியின் பதிவு அன்று. கச்சேரிதான் 35 ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. ஆயினும் முதல் முறையாக நடக்கும் ஒன்று 'அப்படியே இருக்கிறதா' என்று சரிபார்க்கவே கேட்போர் வருகின்றனர். சிறு பிசகையும் மூலத்துக்குச் செய்த துரோகமாகக் குறித்துக்கொள்கின்றனர். அந்த மூலத்தை அவர்கள் அறிந்த அழகு வேறு. தட்டின் உயிர்நாடியான பாஸ் வாசிப்பு ஹெர்பி ஃபிளவர்ஸுடையது என்று பக்தர்கள் பல்லாண்டு அடித்துச் சொல்லிவந்தனர். அது டேவ் ரிச்மண்ட் வாசித்தது என்று பிற்பாடு தெரியவந்தது. விரல் மாறிய பிறகும் பக்தி குறையவில்லை.

கடைசிப் பாட்டில் கோரஸ் எழும்பி, உச்சத்தில் நிற்கிறது. வீட்டில் அத்துடன் ஊசி தானே தூக்கிக்கொள்ளும், அல்லது உரசிக்கொண்டே கிடக்கும். அரங்கில் கைதட்டல் எழுகிறது. அது தட்டில் இல்லாதது. ஆகவே முதல் வகையார் சற்றுத் தயங்கியே தட்டுகின்றனர்.