விபத்தே நடக்காத தொழிற்சாலை நடத்துவது எப்படி?

மேரு, காப்பார், ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கும் தவுக்கேமாருக்கும், பிரிக்பீல்ட்ஸில் பழைய கடைவீட்டை இடித்து மாடி எழுப்பும் குத்தகையாளர்களுக்கும் இந்தக் கையேடு. மெஷினுக்குத் தடுப்பு போடுவது, சாரத்தில் வலை கட்டுவது மாதிரி காசு பிடிக்கும் வழிகளை இதில் தேட வேண்டாம். அதற்கு அரசாங்கமே கட்டுக்கட்டாகப் புத்தகம் போட்டிருக்கிறது.

முதலில் கேட் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்: "விபத்தின்றிக் கடந்த நாட்கள்". நூறாவது நாள் எல்லாருக்கும் கோழி பிரியாணி என்று அறிவித்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தொண்ணூற்றாறாவது நாள் கையைக் கிழித்துக்கொண்டவன் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பலகையைப் பார்ப்பான். அவன் பார்க்காவிட்டாலும் பக்கத்து மெஷின்காரர்கள் பார்க்க வைப்பார்கள். எழுபது பேர் பிரியாணியை ஒருத்தன் சுண்டுவிரல் கெடுக்கலாமா?

அடுத்தது எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. இந்தக் கலையின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள். ஒரு தொழிலாளி நான்கு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், 2004ஆம் ஆண்டு விதிமுறைப்படி நீங்கள் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து அவருக்குத் தற்காலிக ஊன உதவித்தொகை, அதாவது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு, கிடைக்க வேண்டுமென்றாலும் குறைந்தது நான்கு நாள் எம்சி வேண்டும். ஆக, நான்கு என்பது இலட்சுமணன் கிழித்த கோடு. மூன்று நாள் எம்சியோடு நிறுத்திவிட்டால் அது விபத்தே இல்லை, ஏதோ கை சொறிந்த கதை. பேனல் கிளினிக் டாக்டரிடம் மாதாமாதம் பில் கட்டுவது யார் என்பதைப் பக்குவமாக ஞாபகப்படுத்தி வையுங்கள். நான்காம் நாள் காலை கம்பெனி வேனை ஹாஸ்டல் வாசலுக்கே அனுப்பிவிடுங்கள். மீதியைச் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார்:

"தம்பி, மூணு நாள் போதும்லா. ஸ்டோர்ல உட்கார்ந்து லேபல் ஒட்டு. லைட் டியூட்டி."

"ஒட்டுற கைதான் அண்ணே போச்சு."

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

இந்த உரையாடல் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயம் முன்னைவிடக் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் அவர்களும் சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள்; விபத்துக் காப்புக்கு முதலாளி 1.25 விழுக்காடு கட்ட வேண்டும், விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கவலை வேண்டாம். பெர்மிட்டைப் புதுப்பிக்க மறந்துவிடுங்கள். காகிதத்தில் இல்லாத ஆளுக்குக் கை எங்கே இருக்கும், போவதற்கு? அல்லது சப்-கொன் ஒருவரை நடுவில் நிறுத்துங்கள், அவர் இன்னொருவரை நிறுத்தட்டும். கீழே விழுந்தவன் யாருடைய ஆள் என்று கண்டுபிடிப்பதற்குள் அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். இன்னும் நவீனமானவர்கள் ஆளையே வைத்துக்கொள்வதில்லை. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவரைப் "பங்காளி" என்று கூப்பிட்டுவிட்டால் கூட்டரசு நெடுஞ்சாலையில் அவர் உருண்டாலும் உங்கள் பலகையில் எண் நகராது.

காயத்தைவிட நோய் இன்னும் உத்தமம். இதில் நம் முன்னோடிகள் தோட்ட நிர்வாகங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தை முதுகில் சுமந்து தெளித்த பெண்களில் பெரும்பாலோர் நம் அக்காமார்தான். மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், கழன்று விழும் நகம் என்று அவர்கள் பட்டதைத் தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2002இல் ஆய்வாகப் போட்டது. அந்த ஆகஸ்டிலேயே அரசாங்கம் மருந்துக்குத் தடை அறிவித்தது, 2006 நவம்பரில் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. இடைப்பட்ட காலத்தில் எந்தக் கிராணியும் தன் புத்தகத்தில் "விபத்து" என்று எழுத வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷம் கழித்து வரும் நோய்க்கு எந்தத் தேதி போடுவது, எந்தத் தவுக்கேயின் பெயரை எழுதுவது?

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டும் நாட்டுக் கணக்கு அவ்வப்போது ஏறத்தான் செய்கிறது. 2021இல் 21,534 வேலையிட விபத்துகள். ஆயிரம் தொழிலாளர்களுக்கு 1.43. நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய 2022இல் 34,216, ஆயிரத்துக்கு 2.24. துறைவாரிப் பட்டியலில் உற்பத்தித் துறைதான் பெரும்பாலும் எண்ணிக்கையில் முன்னால் நிற்கும். எதிரிகள் அதை "ஆபத்தான துறை" என்பார்கள். ஒழுங்காகப் படிவம் நிரப்புகிற கிராணிகள் அதிகமுள்ள துறை என்றும் அதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. செத்தவனுக்கு மூன்று நாள் எம்சி எழுத முடியாது. அதனால்தான் காயப் பட்டியலில் அடக்கமாக இருக்கும் கட்டுமானத் துறை, மரணப் பட்டியலில் மட்டும் தலைதூக்குகிறது. ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சின்ன விபத்துகளும், காயமின்றித் தப்பிய 300 நிகழ்வுகளும் இருக்கும் என்று ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் 1931இல் எழுதினார். அவர் கணக்கைப் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மரணமும் அதற்கு முன்னால் ஒரு கீறலும் இல்லாத புத்தகத்தைப் பார்க்கும் அதிகாரிக்குக் காணாமல் போன 29ஐத் தேட ஹெய்ன்ரிச் தேவையில்லை.

பெரிய சம்பவங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை சட்டத்தைப் பிரசவிக்கின்றன. 1991 மே 7இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூன்றே ஆண்டில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதையும் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதத்தை 500,000 ஆக்கிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி வேலையை விட்டு விலகி நிற்கலாமாம். இதை மட்டும் தமிழிலோ வங்காளத்திலோ எழுதி ஒட்டிவிடாதீர்கள்.

ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தாலும் சரி, ஐந்தே பேர் என்றாலும் சரி, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மச்சானை நியமியுங்கள். அதிலும் ஒரு ஆபத்து உண்டு: பயிற்சிக்குப் போனவர் உண்மையிலேயே கவனித்துக் கேட்டுவிட்டு, மறுநாளே பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு வேண்டும் என்று நிற்கலாம். அப்படிப்பட்ட மச்சானை உடனே ஸ்டோருக்கு மாற்றுங்கள். அங்கே லேபல் ஒட்ட ஒரு கை குறைகிறது.