அதோக்கியம்: ஓர் அருஞ்சொல் ஆய்வு

கருத்தடைச் சாதனங்களுக்குப் பெயர்கள் பல உண்டு. அவற்றைக் கடையில் வாய்விட்டுச் சொல்பவர்தான் குறைவு. அப்படிச் சொல்லப்படாத சொற்களிலும் அரிதானது 'அதோக்கியோன்'. கிரேக்க மருத்துவர்கள் வழங்கிய இச்சொல்லை ரோமானியர் 'அதோக்கியும்' என்று எடுத்துக்கொண்டனர். நாம் 'அதோக்கியம்' என்போம். இதன் பொருளும் வழக்கும் கேட்பாரற்றுக் கிடப்பது அறிவுலகுக்கு இழுக்கு என்பதால் இவ்வாய்வு எழுந்தது.

1. பொருள்

மருந்துக் கடையில் கூசிக்கொண்டு 'அதோ, அது' என்று விரல் நீட்டியதிலிருந்தே இச்சொல் பிறந்தது என்று நம்மூர் வேர்ச்சொல் அறிஞர் யாரேனும் நிறுவுவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கிரேக்கத்தில் 'தோக்கோஸ்' என்றால் பிள்ளைப்பேறு. முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை. பேற்றைத் தடுப்பது எதுவோ அது அதோக்கியோன்.

சிக்கல் என்னவென்றால், தோக்கோசுக்கு வட்டி என்றும் பொருள் உண்டு. பணம் குட்டி போடும் என்பது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு முரண் என்று அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' நூலில் வட்டித் தொழிலைச் சாடியது இச்சொல்லைக் கொண்டுதான். ஆக, பிள்ளை பிறக்காத படுக்கைக்கும் வட்டி பிறக்காத கடனுக்கும் ஒரே அடைமொழி: 'அதோக்கோஸ்'.

2. வழக்கு

(அ) சிலந்தி நெறி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தமது 37 புத்தக 'இயற்கை வரலா'ற்றில் ஓர் அதோக்கியம் தருகிறார். உடல் முழுதும் மயிரும் மிகப் பெரிய தலையும் உள்ள ஒரு சிலந்தியைப் பிடிக்க வேண்டும். தலையைப் பிளந்தால் உள்ளே இரண்டு சிறு புழுக்கள் இருக்குமாம். அவற்றை மான்தோலில் முடிந்து, பொழுது விடியுமுன் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். பலன் ஓராண்டுக்கு. இதைக் கைசிலியஸ் என்பவர் தலையில் கட்டிவிட்டு, அதோக்கியங்களில் தாம் சொல்லத் தகுந்தது இது ஒன்றே என்றும், பிள்ளை பெற்றுச் சலித்த பெண்களுக்காகவே சொல்வதாகவும் பிளினி பூசி மெழுகுகிறார்.

இம்முறை பலிக்காது என்று யார் சொன்னது? விடியாத இருட்டில் விளக்கோடு சிலந்தி தேடி, அதன் மண்டையைப் பிளக்கும் மனைவியை ஒருமுறை கண்ட கணவன் ஓராண்டுக்குத் திண்ணையில்தான் படுப்பான்.

(ஆ) தும்மல் நெறி. ரோமில் மருத்துவம் பார்த்த எபேசஸ் ஊர் சொரானஸ் கறாரான ஆள். கருவைத் தடுப்பது அதோக்கியோன், உண்டானதைக் கலைப்பது 'ப்தோரியோன்' என்று பிரித்து, பின்னதைவிட முன்னதே ஆபத்தில்லாதது என்றார். கோவேறு கழுதையின் காதழுக்கைத் தாயத்தாகக் கட்டும் வழக்கத்தை வீண் என்று ஒதுக்கினார். ஒதுக்கியவர் சொன்ன மாற்று வழி: கூடியவுடன் பெண் எழுந்து, குந்தி உட்கார்ந்து, தும்ம வேண்டும், பிறகு குளிர்ந்த ஏதாவது குடிக்க வேண்டும்.

நினைத்த நேரத்தில் தும்மல் வருமா? மூக்குப்பொடிக்கு வழியில்லை, புகையிலை அமெரிக்காவிலிருந்து கப்பலேற இன்னும் 1,300 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ரோமானியர் வீட்டில் இருந்தது மிளகு.

(இ) மிளகு நெறி. இங்கே ஆய்வு, ரோமுக்கு மிளகு ஏற்றிய நம் முசிறித் துறைமுகத்தில் வந்து நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் டயஸ்கோரிடிஸ் தமது மருந்து நூலில், கூடலுக்குப் பின் மிளகை உள்ளே வைத்தால் கரு தங்காது என்று கருதப்படுவதாக எழுதினார். எரிச்சலைப் பற்றி அவருக்கென்ன, எழுதியவர் ஆண். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஷியஸ் பணத்தை உறிஞ்சுகிறது, இந்தியச் சரக்கு ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று பிளினி புலம்பினார். அதில் ஒரு பங்கு எந்தக் கணக்கில் போயிற்று என்று அவர் எழுதவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

3. முடிவு

மருத்துவர்கள் தயங்கித் தயங்கி உச்சரித்த சொல்லைக் கடன்காரர்கள் கூசாமல் உரக்கச் சொன்னார்கள். சொல் அவர்களோடு போய்விட்டது. இன்றைய கிரேக்கத்தில் கருத்தடைக்கு வேறு சொல் வந்துவிட்டது. 'அதோக்கோஸ்' வாழ்வது கடை விளம்பரங்களில், வட்டியில்லாத் தவணை என்ற பொருளில். பிளினி நூலை நம்பி ஏதென்ஸில் யாரேனும் அதோக்கியம் கேட்டால், கடைக்காரர் ஃபிரிட்ஜ் ஒன்றைக் காட்டி எத்தனை மாதத் தவணை என்றுதான் கேட்பார்.