நல்லியக்கோடனும் டூப்ளிகேட் ஒயினும்

ரோமாபுரியில் கேட்டோ என்று ஒரு பெரியவர் இருந்தார். மகா கருமி. வயசான அடிமையைக் கிழட்டு மாட்டோடு சேர்த்து விற்றுக் காசாக்கிவிடு என்று உபதேசம் செய்தவர். முட்டைக்கோஸ் தின்றால் தீராத வியாதியே கிடையாது என்று விலாவாரியாக எழுதியவர். செனட்டில் எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் கார்த்தேஜ் நகரத்தை ஒழிக்கணும் என்றுதான் முடிப்பார். தொல்லை தாங்காமலோ என்னவோ, அவர் செத்த மூன்றாம் வருஷம் நிஜமாகவே ஒழித்துவிட்டார்கள்.

இந்தப் புண்ணியவான் கி.மு. 160 வாக்கில் விவசாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் கோஸ் தீவு ஒயினை இத்தாலியிலேயே தயாரிப்பதற்குப் பக்குவம் சொல்லியிருக்கிறார். கோஸ் என்பது கிரேக்கக் கடலில் இருக்கும் தீவு. அந்த ஊர் ஒயினுக்கு அன்றைக்கு ஏக கிராக்கி. அதற்காக அங்கிருந்து காசு கொடுத்து வாங்குவானேன் என்று யோசித்த கேட்டோ சொன்ன வழி இது: திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னதாக, காற்றில்லாத நாளாகப் பார்த்து, ஆற்றுத் தண்ணீர் வந்து சேராத ஆழ்கடலுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வா. தெளியவை. உள்ளூர்த் திராட்சைச் சாற்றில் அதை ஊற்று. கோஸ் ஒயின் தயார்.

லேபிள் மாற்றுகிற தொழிலுக்கு நம்மூர் ஆட்களைத்தான் ஆதி குரு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரு பீடம் ரோமில் இருக்கிறது.

சரக்கை மட்டும் காப்பியடித்தால் போதுமா? ஜாடியும் வேண்டுமே. கோஸ் ஜாடிக்கு அடையாளம் அதன் கைப்பிடி. இரண்டு களிமண் குச்சிகளை ஒட்டவைத்தாற்போல இரட்டைப் பிடியாக இருக்கும். இத்தாலிக்காரர்கள் அதையும் அப்படியே செய்தார்கள். நேப்பிள்ஸ் பக்கம் கம்பானியாவில் சூளை சூளையாகச் சுட்டுத் தள்ளினார்கள். ஜாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 26 லிட்டர் பிடிக்கும். உள்பக்கம் ஒழுகாமலிருக்கப் பிசின் பூச்சு. அந்த வாசனை சரக்கிலும் ஏறும். அடி கூம்பாக இருக்கும், தரையில் நிற்காது, மணலில் குத்தித்தான் வைக்க வேண்டும். குடிக்கிறவனுக்கு முன்னால் பாத்திரமே தள்ளாடுகிற ஏற்பாடு.

இதற்கும் விழுப்புரம் ஜில்லாவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? சரக்கு வந்து இறங்கியதே இந்தப் பக்கம்தான்.

இத்தாலியிலிருந்து கப்பலில் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் படகு. பிறகு ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தில் 12 நாள். அப்புறம் செங்கடல் துறைமுகத்தில் மறுபடியும் கப்பலில் ஏற்றி, தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பாய் விரித்தால் முசிறி. அங்கிருந்து குமரி முனையைச் சுற்றியோ, பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ சோழமண்டலக் கரை. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில் இந்தக் கரையின் துறைமுகங்களாக மூன்று பெயர் வரிசையாக வருகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா நம்ம மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சங்க இலக்கியத்தில் மரக்காணத்துக்குப் பெயர் எயிற்பட்டினம். ஓய்மாநாட்டின் கடற்கரைப் பட்டினம் அது. அந்த நாட்டின் தலைவன் நல்லியக்கோடன். அவனுடைய தலைநகரம் கிடங்கில், இன்றைக்குத் திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே கிடங்கல் என்ற பேட்டையாக டீக்கடையும் மளிகைக்கடையுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

மரக்காணத்துக் கரையில் முதல் ஜாடி இறங்கிய அன்று இப்படித்தான் நடந்திருக்கும் என்று என் கணிப்பு. உப்பளத்துப் பக்கமாக ஒரு நுளையர் வீட்டுப் பெண் கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கிறாள். ரோமாபுரிப் பக்கத்திலிருந்து வந்த யவன வியாபாரி ஒருவன் ஜாடியை மணலில் குத்திவிட்டு ஒரு கிண்ணம் நீட்டுகிறான்.

"இன்னாய்யா இது?"

"ஒயின், தாயே. இத்தாலிச் சரக்கு. கடல் கடந்து வந்தது."

ஒரு வாய் வைத்துப் பார்க்கிறாள். "உப்புக் கரிக்குதே!"

"கரிக்கத்தான் செய்யும். கடல் தண்ணி கலந்திருக்கோம்."

அவள் திரும்பி வங்காள விரிகுடாவை ஒரு பார்வை பார்க்கிறாள். "அது இங்கயே கெடக்குது. அதுக்காய்யா இம்மாந் தூரம் வந்த?"

யவனன் அசரவில்லை. அடுத்த ஜாடியைத் திறக்கிறான். கரும் என்ற மீன் சாறு. மீன் குடலையும் சின்ன மீன்களையும் உப்புப் போட்டு, மாதக்கணக்கில் வெயிலில் ஊறவைத்து வடிகட்டியது. ரோமில் எந்தப் பணக்காரன் வீட்டு விருந்தும் இது இல்லாமல் நடக்காது. மூடியைத் திறந்ததும் மரக்காணத்துக் காக்காய்கள் எல்லாம் கூடிவிட்டன. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாம். உப்பளமும் மீன்பாடும் உள்ள ஊருக்கு உப்பு மீன் தண்ணீரைக் கப்பலேற்றிக்கொண்டு வந்தவனை என்ன சொல்ல?

கிண்டலை விட்டுப் பார்த்தாலும் விஷயம் உண்மைதான். அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடிச் சில்லுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து வகை பிரித்தார். ஒயின் ஜாடிகள்தான் பெரும்பாலானவை. அவற்றிலும் கோஸ் மாதிரி இரட்டைப் பிடி ஜாடிகளே முதலிடம். இத்தாலிப் பக்கத்து ஆலிவ் எண்ணெயும் ஸ்பெயின் மீன் சாறும் வந்த ஜாடிகளும் உண்டு. இரட்டைப் பிடிகளில் எது அசல், எது கம்பானியாச் சரக்கு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சில்லின் உடைந்த ஓரத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், சிவந்த மண்ணுக்குள் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்பாகப் பளபளக்கும். அது வெசூவியஸ் எரிமலையின் மணல். போர்ஜரி செய்தவன் கையெழுத்தை மாற்றினான், பேனா மையை மாற்ற மறந்துவிட்டான்.

டூப்ளிகேட்டுக்கும் டூப்ளிகேட் உண்டு. இந்தியாவில் பல ஊர்களில் 'ரோமானிய ஜாடி' என்று மரியாதையாக எடுத்து வைத்திருந்த சில்லுகளை ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் பரிசோதித்தபோது, அவற்றில் நிறைய மெசபடோமியாவிலிருந்து பிற்காலத்தில் வந்தவை என்று தெரிந்தது. ரோமுக்கும் அவற்றுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

அரிக்கமேடு வெளியே தெரிந்த கதையும் குடிகாரன் வீடு திரும்பிய கதைதான், நேர்வழியில் வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761-இல் வந்து சேர்வதற்குள் ஊர் இங்கிலீஷ்காரன் கையில். ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. சரி, அடுத்தது 1769-இல்தானே என்று எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றினார். அந்த நாளும் வந்தது. புதுச்சேரியில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. ஊருக்குத் திரும்பினால், ஆள் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒன்றும் வாய்க்காத இந்த மனுஷன் தரையில் ஒன்றைப் பார்த்தார்: அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஜனங்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்து வீடு கட்ட எடுத்துப்போவதை. அது என்ன இடம் என்று அவருக்கும் தெரியாது, பெயர்த்தவர்களுக்கும் தெரியாது.

அப்புறம் 1937-இல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அதே கரையில் ரோமானிய முகம் செதுக்கிய மணிக்கல்லைக் கண்டு துள்ளிக் குதித்தார். 1944-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியில் கிடந்த ஓர் ஓட்டுத் துண்டு, ரோமானிய ஒயின் ஜாடியின் கழுத்து என்று அவர் கண்டார். அடுத்த வருஷமே அரிக்கமேட்டில் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புத் தட்டுகள், செய்தவன் முத்திரையோடு கிடைத்தன. வீலர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கதை கட்ட ஆரம்பித்தார்: இங்கே ஒன்றும் தெரியாத மீனவர்கள் இருந்தார்களாம், ரோமானியன் வந்ததும் திடீரென்று நாகரிகம் பொங்கியதாம். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். யவனன் வருவதற்கு முன்பே ஊர் ஊராகத்தான் இருந்திருக்கிறது. வீலர் ரோமிலிருந்து வந்ததாக நினைத்த சக்கர வரிக் கோலம் போட்ட தட்டுகளும் இந்திய மண்ணிலேயே செய்தவை.

இனி ஓய்மாநாட்டுக்கு வருவோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை வாத்தியார்கள் ஆற்றுப்படை இலக்கணத்தைச் சொல்லியே கசக்கவைத்துவிட்டார்கள். அதைச் சாப்பாட்டு வழிகாட்டியாகப் படித்தால் வாயூறும். பாட்டு ஜாடி காலத்துக்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு பின்னால் இருக்கலாம். பசிக்குக் காலம் உண்டா என்ன? பாணன் வீட்டு நிலைமையோடு ஆரம்பம். குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிற குடும்பம். அவனிடம் இன்னொரு பாணன் சொல்கிறான்: நல்லியக்கோடனிடம் போ, போகிற வழியில் எங்கெங்கே என்னென்ன கிடைக்கும் தெரியுமா?

எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த பழைய கள், தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன் கருவாடு, வீட்டுக்கு வீடு. அந்தக் கள்ளைக் காய்ச்ச அடுப்பில் எரிக்கிற விறகு எது என்கிறீர்கள்? அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம். கட்டை கட்டையாகக் கரையில் கிடப்பதைப் புலவர் தூங்குகிற ஒட்டகங்களாகப் பார்க்கிறார். நல்லூர்ப் புலவருக்கு ஒட்டகம் எங்கே அறிமுகம் என்பது தனி ஆராய்ச்சி. யவனன் போதையில் 12 நாள் பாலைவனக் கதையை அளந்திருப்பான் என்பது என் கட்சி. ரோமாபுரியில் வாசனை மரத்தைச் சிட்டிகை சிட்டிகையாக நிறுத்து விற்பார்கள். எயிற்பட்டினத்துப் பெண் அடுப்பில் சொருகி எரிக்கிறாள்.

வேலூரில் (ஆம்பூர் பக்கத்து வேலூர் அல்ல, நம்ம உப்புவேலூர் என்கிறார்கள்) வேட்டுவப் பெண்கள் சமைத்த சூடான புளிச்சோறும் காட்டுப்பசுவின் சுட்ட கறியும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் பிள்ளைகளை விட்டு வழிமறித்து உட்காரவைப்பாள். உலக்கைப் பூண் தேயத் தேயக் குத்திய அரிசிச் சோறு, கூட நண்டு. தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வர இன்னும் ஆயிரத்துச் சொச்ச வருஷம் ஆகும். அந்தக் கணக்கில் அன்றைய இத்தாலியிலும் பீட்சா சாஸ் கிடையாது. அவர்கள் சமையல் நூலான அப்பீசியஸைப் புரட்டினால் பெரும்பாலான பதார்த்தத்தில் மிளகு. இனிப்பில்கூட மிளகு. மிளகு யாருடையது? நம்முடையது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசை உறிஞ்சுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒப்பாரி வைத்தார். வெறும் காரத்துக்காக இதைப் போய்த் தங்கம்போல் நிறுத்து வாங்குகிறார்களே என்றும் தலையில் அடித்துக்கொண்டார். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்து அவரையும் கொண்டுபோயிற்று, கம்பானியாவின் திராட்சைத் தோட்டங்கள் பலவற்றையும் கொண்டுபோயிற்று.

ஊர் வழக்கம் மட்டும் மாறவில்லை. சரக்கு இறங்குவது புதுச்சேரிப் பக்கம், குடிக்கிறவன் விழுப்புரத்துப் பக்கம் என்ற ஏற்பாடு அரிக்கமேட்டுக் காலத்திலேயே போட்ட கால்கோள். நடுவில் செக்போஸ்ட் வந்தது ஒன்றுதான் முன்னேற்றம். வானூர்ப் பக்கம் குயிலாப்பாளையத்தில் விறகடுப்பில் சுட்ட பீட்சா சாப்பிட்டேன், தேவாமிர்தம். ஆனால் எரித்தது வேலிக்கருவை விறகு. எயிற்பட்டினத்துத் தரம் வருமா?

கடைசியில் பாணன் கிடங்கில் வந்து சேர்கிறான். நல்லியக்கோடன் மூங்கிலின் உள்தோல்போல் மெல்லிய துணி கொடுக்கிறான். பீமசேனன் எழுதிய சமையல் நூலில் உள்ளபடி பிசகாமல் செய்த பல வகை உணவு, பொன் தட்டில். தலைவனே பக்கத்தில் நின்று பரிமாறுகிறான். அதற்கும் முன்னால் ஒரு பானம் வருகிறது. பாம்பு சீறினாற்போல் ஏறுமாம். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்ததாகப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருப்பதால், கிடங்கிலில் ஊற்றியதும் அதே இத்தாலிச் சரக்குதான் என்று யாராவது கட்டுரை எழுதக்கூடும். எழுதட்டும். கேட்டோ கலந்த உப்புத் தண்ணீருக்குத் தண்ணிப்பாம்புகூடச் சீறாது.